பக்கவாதத்துக்குப் பிறகு பல் இம்ப்ளான்ட்

அப்பாவுக்கு 68 வயது. இரண்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்து தேறியிருக்கிறார், ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். கீழ்த்தாடையில் பற்களே இல்லை, எலும்பும் தேய்ந்துவிட்டது. எலும்பு வைத்து இம்ப்ளான்ட் பொருத்த வேண்டுமாம். இப்போதே செய்யலாமா?
- வாசகி, மயூர் விகார், தில்லி

இப்போது வேண்டாம் அம்மா. பக்கவாதம் திரும்ப வரும் அபாயம் முதல் சில மாதங்களில்தான் அதிகம். தள்ளிப்போடக்கூடிய பல் அறுவைக்கு 6 மாதமாவது பொறுப்பது வழக்கம். அதுவரை ரசம் சாதம் கைவிடாது.

பல்லுக்காக ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஈறில் கசியும் ரத்தத்தைத் தையல் போட்டு, பஞ்சைக் கடிக்கச் சொல்லியே நிறுத்திவிடுவார்கள். மாத்திரையை விட்டால் மூளை ரத்தக்குழாயில் மறுபடி அடைப்பு வரலாம்.

எலும்புக் குறை சிறிதென்றால், இம்ப்ளான்ட் பொருத்தும்போதே எலும்புத் தூள் நிரப்பிச் சவ்வால் மூடுவார்கள். பெரிதென்றால் முதலில் எலும்பு ஒட்டு. அது பிடிக்கவே 4 முதல் 6 மாதம். ஆனால் உங்கள் அப்பாவுக்கு அந்தப் பாடே தேவைப்படாமல் போகலாம். தாடையின் முன்பக்கம் எலும்பு ஓரளவு மிஞ்சியிருக்கும். அங்கே இரண்டு இம்ப்ளான்ட் வைத்து, கழற்றி மாட்டும் பல்செட்டை அதில் பொருத்தலாம். என் ஓட்டு இதற்குத்தான்.

தில்லி கேட் அருகிலுள்ள மௌலானா ஆசாத் பல் மருத்துவக் கழகத்திலோ எய்ம்ஸ் பல் மருத்துவ மையத்திலோ காட்டுங்கள். நரம்பியல் மருத்துவரின் கடிதமும் மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும். அப்பா பிரஷர் மாத்திரையும் சாப்பிடுபவரென்றால், அறுவை நாளன்று காலையில் அதை மறக்க வேண்டாம்.