காதைத் தொட்டால் போதுமா?

அன்பு மருமகளே,

தம்பியை இந்த ஜூனிலேயே எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட வேண்டும் என்கிறார் உன் அப்பா, ஒரு வருஷம் போகட்டும் என்கிறார் அம்மா, நீங்கள் யார் பக்கம் அத்தை என்று கேட்டிருக்கிறாய். பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்று உனக்கும் முடிவாகவில்லை என்பதைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறாய். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நாள் கணக்கைப் பார்க்கிறோமா, பிள்ளையைப் பார்க்கிறோமா என்ற கேள்வி இரண்டிலும் இருக்கிறது.

உன் தாத்தா பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டால் ஒன்றாம் வகுப்பு, எட்டாவிட்டால் அடுத்த வருஷம். பிறந்த தேதியைத் தலைமையாசிரியரே உத்தேசமாக எழுதிக்கொள்வார். அந்தத் தலைமுறையில் மே, ஜூனில் பிறந்தவர்கள் அவ்வளவு பேர் இருப்பது அதனால்தான். இன்று அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு அந்தச் சோதனைமேல் மரியாதை உண்டு. சின்னப் பிள்ளைக்குத் தலை பெரிது, கை குட்டை. ஏறத்தாழ ஆறு வயதில்தான் கை நீண்டு காதை எட்டும். காகிதம் இல்லாத ஊரில், எதிரே நின்ற பிள்ளையின் உடம்பையாவது அது பார்த்தது. மனசைப் பார்க்கவில்லை என்பதுதான் அதன் குறை.

இப்போது காகிதம் இருக்கிறது, ஆனால் அது ஒரே பதிலைச் சொல்வதில்லை. நம் மாநிலப் பள்ளிகளில் ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயாவில் ஆறு நிறைய வேண்டும். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் ஆறு என்றே சொல்கிறது. பின்லாந்தில் ஏழு. ஒரே தெருவில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று தயார், ஒன்று தயாரில்லை என்று ஆகிவிடுமா? நிர்வாகத்துக்கு ஒரு கோடு வேண்டும், போட்டுக்கொள்ளட்டும். நாம் அந்தக் கோட்டைப் பிள்ளையின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தம்பி பிறந்தது ஜூலைக் கடைசி வாரம். எல்.கே.ஜி.க்கு மூன்று நிறைய வேண்டும் என்ற கணக்கில் அவன் மயிரிழையில் உள்ளே வந்துவிடுகிறான். பக்கத்தில் உட்காரும் பிள்ளை முந்தைய ஆகஸ்டில் பிறந்ததாக இருந்தால் பதினோரு மாதம் மூத்தது. மூன்று வயதில் பதினோரு மாதம் என்பது கிட்டத்தட்ட வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு! அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐ எல்லையாக வைத்த மாநிலங்களில், வகுப்பிலேயே இளையவர்களான ஆகஸ்ட் பிள்ளைகளுக்குக் கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு இருப்பதாக மருத்துவர்கள் சொன்னது, மூத்தவர்களான செப்டம்பர் பிள்ளைகளைவிட 34 சதவீதம் அதிகம் என்று 2018-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்தப் பிள்ளைகளில் பலர் வயதுக்கு ஏற்றபடிதான் இருந்திருப்பார்கள். யாரோடு ஒப்பிட்டார்களோ அவர்கள்தான் மூத்தவர்களாக இருந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் பாடம் எடுத்த காலத்தில் 'மந்தம்' என்று பெயர் வாங்கி வந்த பிள்ளைகளின் பிறந்த மாதத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

எழுத வைப்பதில் இன்னும் அவசரம். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது எட்டும் குருத்தாகத்தான் இருக்கும். வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கெட்டிப்படும். கடைசி எலும்பு எட்டு வயதுக்கு மேல்தான். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நாலு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்கிறோம். விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து 'அ' எழுத வைப்பது வேறு. அது ஒரு நாள் சந்தோஷம், வீட்டுப்பாடம் இல்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? அ, ஆ தெரிகிறதா, நூறு வரை சொல்கிறானா என்று பார்க்காதே. தெரியாத ஒருவரிடம் "ஒண்ணுக்கு வருது", "வயிறு வலிக்குது" என்று சொல்வானா? எனக்கு இதுதான் முதல். சொல்லத் தெரியாத பிள்ளை நாள் முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், கடைசியில் நனைத்துவிட்டுக் கூனிக்குறுகும், அதோடு பள்ளிக்கூடம் என்றாலே பயம். அம்மா போன பிறகு அழுவது தப்பில்லை. கொஞ்ச நேரத்தில் வேறு ஒரு கையைப் பிடித்துத் தேறுகிறானா என்று பார். நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் அவன் இன்னும் அம்மாவின் முந்தானையை விடவில்லை. நான் உன் அம்மா பக்கம். ஒரு வருஷம் பொறுத்தால் எதுவும் கைவிட்டுப் போகாது. ஆறு வயதில் ஒன்றாம் வகுப்புக்குப் போவான். ஆனால் அந்த வருஷத்தைச் செல்போனிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். தெருமுனை அங்கன்வாடிக்குக் காலையில் அனுப்புங்கள். பாட்டு, கதை, சோறு, முட்டை, கூட்டாளிகள்: அந்த வயதுக்கு வேண்டியதெல்லாம் அங்கே உண்டு.

இனி உன் விஷயம். கியர் இல்லாத சின்ன வண்டிக்கு 16, நீட் எழுத 17, ஓட்டுப் போட 18, சட்டமன்றத்துக்கு நிற்க 25 என்று சட்டமே தவணை தவணையாகத்தான் ஒருவரை நம்புகிறது. ஆனால் பதினைந்து வயதில் உன்னிடம் வாழ்க்கை முழுவதற்கும் பதில் கேட்கிறார்கள். நீ இந்த இரண்டு வருஷத்துக்கு மட்டும் சொல், போதும். ஒவ்வொரு குரூப்பும் எதை மூடுகிறது, திரும்பி வர வழி இருக்கிறதா என்று பார். உயிரியல் இல்லாவிட்டால் மருத்துவம் இல்லை. அது எளிதில் திறக்காத கதவு. சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பிலிருந்தும் போகலாம். பாலிடெக்னிக் முடித்தவர்கள் நேரே பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். "எல்லாம் திறந்திருக்கும், பயாலஜி-மேத்ஸ் எடு" என்று அப்பா சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தச் சுமையைத் தினமும் சுமக்கப்போவது நீ.

பிளஸ் ஒன் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உயிரியல், கணக்குப்பதிவியல், கணிதம் மூன்றிலும் முதல் பாடத்தை யாரும் சொல்லித்தராமல் நீயே படி, பின்னால் இருக்கும் பயிற்சியையும் போடு. பிடித்தது, பிடிக்கவில்லை என்று எனக்கு எழுத வேண்டாம். எந்த இடத்தில் தடுக்கி நின்றாய், நின்ற பிறகும் எதைத் திரும்பக் கையில் எடுத்தாய் என்று எழுது. அதை வைத்துக்கொண்டு உன் அப்பாவிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
அத்தை