சுகப்பிரசவக் கணக்கு வேண்டாம்

அன்புத் தங்கைக்கு,

பயிற்சியை முடித்துவிட்டதாகவும், தை பிறந்ததும் டூலாவாக, அதாவது பிரசவத்தில் கூடவே இருக்கும் துணையாக, தனியே வேலை தொடங்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் "என்னிடம் வருகிற ஒருத்திகூட சிசேரியனுக்குப் போகக்கூடாது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். அந்த வைராக்கியத்தை வேலை தொடங்கும் முன்பே விட்டுவிடு.

அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் சுமார் 45 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 64 சதவீதத்தை ஒட்டி வருகிறது. இத்தனையும் தேவைப்பட்டுத்தான் நடந்தன என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் டூலாவைத் தேடி வரும்போதே வீட்டார் "கத்தி படாம பெத்துக்கணும், அதுக்குத்தான் உங்கள வச்சுக்கறோம்" என்று பேச்சை ஆரம்பிக்கிறார்கள். நீ தலையாட்டினால் தீர்ந்தது. அன்றிலிருந்து நீ அந்தப் பெண்ணுக்குத் துணை இல்லை, வீட்டார் கேட்ட முடிவுக்குக் காவல். குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கி, மருத்துவர் தியேட்டருக்குப் போகலாம் என்கிற நேரத்தில் அவள் உன் முகத்தைத்தான் பார்ப்பாள். அங்கே ஏமாற்றம் தெரிந்தால் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள்.

பயிற்சியில் ஹூஸ்டன் ஆய்வைச் சொல்லியிருப்பார்கள். ஜான் கென்னலும் மார்ஷல் கிளாஸும் தம் குழுவோடு செய்து 1991-இல் வெளியிட்டது. தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்களில், டூலா கூடவே இருந்தவர்களுக்கு சிசேரியன் 8 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களுக்கு 18. இந்த இரண்டு எண்களையும் டூலாக்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். மூன்றாவதாக ஒரு குழுவும் இருந்தது, அதைப் பற்றிப் பேச்சே வராது. அவர்களுடைய அறையில் ஒருவர் கட்டிலைவிட்டுத் தள்ளி உட்கார்ந்து, நடப்பதைக் குறித்துக்கொண்டிருந்தார். பேசவில்லை, தொடவில்லை. அங்கே 13 சதவீதம். சும்மா ஓர் ஆள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்ததற்கே இவ்வளவு! எனக்குப் பிடித்த எண் அந்தப் பதின்மூன்றுதான். நீ படித்த பந்துப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, வாசனை எண்ணெய் எல்லாம் அப்புறம். டியூட்டி முடிந்தால் நர்ஸ் மாறுவார், மருத்துவர் மாறுவார், நீ மாறக்கூடாது.

2017-இல் வந்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பு, 17 நாடுகளில் 15,858 பெண்களைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கூடவே ஆள் இருந்தால் சுகப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது, வலி நேரம் குறைகிறது என்றுதான் அதுவும் சொல்கிறது. ஆனால் அது ஆயிரக்கணக்கானவர்களின் சராசரி. உன் எதிரே கட்டிலில் கிடக்கிறவளுக்கு அதை வாக்காகக் கொடுக்க முடியாது.

வலி ஏறும்போது வாயை மூடிக்கொள். இறங்கியபின் இரண்டு வார்த்தை பேசினால் போதும். குழந்தையின் முதுகு தாயின் முதுகுப் பக்கமாக இருந்தால் வலி பெரும்பாலும் இடுப்பின் பின்னால்தான் பிடுங்கும். வாலெலும்புக்குச் சற்று மேலே உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்திப் பிடி. எங்கே, எவ்வளவு என்று அவளே சொல்வாள். ஒரு மணி நேரத்தில் உன் தோள் கழன்றுவிடும், ஆகவே கணவருக்கும் கற்றுக்கொடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க நினைவுபடுத்து. அவளுக்கு அந்த உணர்வே தெரியாமல் போகலாம். அழுதுகொண்டு நிற்கிற அவள் அம்மாவை ஓரங்கட்டாதே. கையில் ஈரத்துணியைக் கொடுத்து நெற்றியைத் துடைக்கச் சொல், அழுகை தானாக அடங்கும்.

உள்பரிசோதனை உன் வேலை இல்லை. இதயத்துடிப்புப் பட்டையைப் பார்த்துக் கருத்துச் சொல்வதும், வலி வர விளக்கெண்ணெய் கொடுப்பதும் இல்லை. மருத்துவரிடம் மல்லுக்கு நிற்கவும் வேண்டாம். "இப்பவே செய்யணுமா டாக்டர், கொஞ்சம் பொறுத்தா என்ன ஆகும்?" என்று கேட்க அவளையும் கணவரையும் எட்டாம் மாதத்திலேயே பழக்கிவிடு. மருத்துவரோ நர்ஸோ இல்லாமல் வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறோம், நீ மட்டும் வா என்று யாராவது கூப்பிட்டால் மறுத்துவிடு. 2018-இல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய், ஓர் இளம்பெண் ரத்தப்போக்கில் இறந்தது நினைவிருக்கும். குழந்தை பிறந்தபின் வரும் ரத்தப்போக்குக்கு ஊசியும் ரத்தமும் தேவை. உன் கைப்பையில் அவை இருக்காது.

சிசேரியன் என்று முடிவானதும் டூலாவின் வேலை முடிந்தது என்று மூட்டை கட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வேலை கனப்பதே அப்போதுதான். பெரும்பாலும் முதுகில்தான் ஊசி போடுவார்கள், விழித்தே இருப்பாய், வலி தெரியாது ஆனால் வயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல இருக்கும், உடம்பு நடுங்கினால் பயப்படாதே என்று போகும் முன் சொல்லிவிடு. தியேட்டருக்குள் உன்னைப் பெரும்பாலும் விடமாட்டார்கள், வாசலில் நில். வெளியே வந்ததும் குழந்தையை அவள் நெஞ்சில் போடச் சொல்லி நர்ஸிடம் கேள். தையலில் படாதபடி குழந்தையைப் பக்கவாட்டில் கக்கத்தோடு அணைத்துப் பால் கொடுக்கலாம். சிசேரியனுக்குப்பின் பால் ஊற ஓரிரு நாள் கூடுதலாகலாம். அதற்குள் யாராவது "பாலே வரல" என்று தீர்ப்புச் சொல்லி பால்பவுடர் டின் வாங்க ஓடுவார்கள். முதலில் சொட்டுச் சொட்டாக வரும் சீம்பாலே பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதும் என்று பாட்டிகளுக்கு நீதான் சொல்லவேண்டும். அப்புறம் ஒரு வாரத்தில் எவராவது வந்து "வலியே இல்லாம பெத்துட்ட" என்பார். அந்தச் சொல்லுக்கும் அவளை முன்பே தயார்செய். இரண்டு வாரம் கடந்தும் அழுகை நிற்கவில்லை, குழந்தையைத் தொடப் பிடிக்கவில்லை என்றால் தேற்றிக்கொண்டிராதே, மருத்துவரிடம் அனுப்பு.

இன்னொன்று. உன்னை அமர்த்தக்கூடியவர்கள் வசதியுள்ளவர்கள். மற்றவர்களுக்கு அரசு மருத்துவமனைதான். அங்கே பிரசவத்துக்குத் துணையாக ஒரு பெண்ணை உள்ளே விடும் திட்டத்தைத் தமிழ்நாடு 2004-லேயே கொண்டுவந்தது. மத்திய அரசு 2016-இல்தான் சொன்னது, உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் எல்லாப் பெண்களுக்கும் பரிந்துரைத்தது. ஆனால் உள்ளே போகிற அம்மாவுக்கோ நாத்தனாருக்கோ என்ன செய்வதென்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. மாதம் ஒருநாள் உன் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலரிடம் அனுமதி வாங்கி, பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகளோடு வருகிறவர்களுக்கு இடுப்பை எப்படிப் பிடிப்பது என்று காட்டு. "உனக்குக் கல்யாணம் ஆச்சா, எத்தனை பிள்ளை?" என்று முதலில் கேட்பார்கள். கோபப்படாதே.

கடைசியாக, விளம்பர அட்டையின் மாதிரியை அனுப்பியிருந்தாய். "நூறு சதவீதம் சுகப்பிரசவம்" என்ற வரியை அடித்துவிட்டு அச்சுக்குக் கொடு. உன் கட்டணம் எவ்வளவு, எந்தெந்த மருத்துவமனைகள் உன்னை உள்ளே விடும், நீ வரமுடியாத நாளில் பதிலுக்கு யார் வருவார் என்பதை அந்த இடத்தில் போடு.

அன்புடன்,
அக்கா