உப்புத் தண்ணியை நல்ல தண்ணியாக்கும் பூமிச் சூடு



கடலோர ஊர்களில் குழுக் கூட்டம் என்றால் சேமிப்பு, கடன் பேச்சு முடிந்ததும் அடுத்த பேச்சு தண்ணீர்தான். "போர் போட்டோம், தண்ணி வந்துச்சு, ஆனா வாயில வைக்க முடியல" என்று சொல்லாத ஊர் குறைவு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குடித்தாலும் தாகம் அடங்காது. நல்ல தண்ணிக்குக் குடம் தூக்கி நடப்பதும் நாம்தான், காசு கொடுத்து வாங்குவதும் நாம்தான். பூமிக்குள் இருக்கும் சூட்டை வைத்தே உப்பைப் பிரிக்கலாம் என்று சில நாடுகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். அது எப்படி, நமக்கு ஆகுமா என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

கொதிக்க வைத்தால் உப்பு போகுமா?

போகாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அவ்வளவுதான். தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு பாத்திரத்திலேயே தங்கிவிடும். மிச்சத் தண்ணி முன்னைவிட அதிகமாகக் கரிக்கும்.

ஆனால் அந்த ஆவியில் உப்பு கிடையாது. உலைப் பானையின் மூடியைத் திறந்தால் உள்பக்கம் முத்து முத்தாக நிற்கிறதே, அது நல்ல தண்ணி. கடல் கரிக்கிறது, மழை கரிப்பதில்லை. காரணம் இதுதான்.

அப்படியானால் அடுப்பிலேயே செய்யலாமே என்று கேட்கலாம். கணக்குப் போடுங்கள். 1 லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி முழுவதும் ஆவியாக்க சுமார் 0.7 யூனிட் மின்சாரம் வேண்டும். 15 லிட்டர் குடத்துக்கு 10 யூனிட்டுக்கு மேல் ஆகும். கட்டுப்படி ஆகுமா? ஆகாது. காசு கொடுக்காமல் சூடு கிடைத்தால்தான் இந்த வழி சரிப்படும்.

பூமிக்குள் சூடு

பூமிக்குள் கீழே போகப் போகச் சூடு ஏறும். பொதுவாக 1 கிலோமீட்டர் ஆழத்துக்கு 25 முதல் 30 டிகிரி கூடும். எரிமலை இருந்த இடங்களில் குறைந்த ஆழத்திலேயே சுடுதண்ணி கிடைக்கும். சில இடங்களில் அது தானாகவே மேலே வந்துவிடும். இமாசலப் பிரதேசம் மணிகரணில் உள்ள குருத்வாராவில் அந்த ஊற்றிலேயே சோறும் பருப்பும் வேக வைத்து வருபவர்களுக்குப் பரிமாறுகிறார்கள்.

60 டிகிரியில் தண்ணி கொதிக்குமா?

ஊட்டியில் சமைத்த அக்காமாரைக் கேட்டுப் பாருங்கள், "அரிசி வேக நேரமாகுது" என்பார்கள். மலை மேல் காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் அங்கே சுமார் 92, 93 டிகிரியிலேயே தண்ணி கொதித்துவிடும். குக்கரில் அழுத்தம் கூடுவதால் சூடும் கூடுகிறது. இது அதற்கு நேர் எதிர்.

ஒரு மூடிய தொட்டியிலிருந்து காற்றை உறிஞ்சி, உள்ளே அழுத்தத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் 60 டிகிரியிலேயே தண்ணி கொதிக்கும். பூமியிலிருந்து வரும் சுடுதண்ணியைக் குழாயில் விட்டு, அந்தத் தொட்டியில் உள்ள உப்புத் தண்ணியைக் கொதிக்க வைப்பார்கள். வரும் ஆவி அடுத்த தொட்டியின் குழாய்க்குள் போகும். அங்கே அது குளிர்ந்து நல்ல தண்ணியாகும்போது, தன் சூட்டை அந்தத் தொட்டியில் உள்ள உப்புத் தண்ணிக்குக் கொடுக்கும். இரண்டாவது தொட்டியில் அழுத்தம் இன்னும் குறைவு, அதனால் அதுவும் கொதிக்கும். இப்படி ஒரே சூட்டை இரண்டு மூன்று முறை வேலை வாங்குவார்கள்.

எங்கே செய்தார்கள்?

கிரேக்க நாட்டில் கிமோலோஸ் என்ற சிறிய எரிமலைத் தீவில் 188 மீட்டர் ஆழத்தில் சுமார் 61 டிகிரி சுடுதண்ணி கிடைத்தது. அந்தச் சூட்டில் கடல் தண்ணியை மாற்ற, நாளுக்கு 80,000 லிட்டர் நல்ல தண்ணி தரும் அளவுக்குச் சோதனை நிலையம் அமைத்தார்கள்.

துனிசியா நாட்டின் தெற்கே, பாலைவன ஓரத்தில் உள்ள கெபிலியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணியே சூடாகவும் உப்பாகவும் வருகிறது. 1986 முதல் அதன் சூட்டைப் பசுமைக்குடில்களில் காய்கறி வளர்க்கப் பயன்படுத்துகிறார்கள். மற்றபடி, பாசனத்துக்கு விடும் முன் ஆற வைக்கிறார்கள். உப்பும் சூடும் ஒரே கிணற்றில் கிடைக்கும் இப்படிப்பட்ட இடம்தான் இந்த முறைக்குப் பொருத்தமானது.

நமக்குப் பக்கத்திலும் ஒன்று உண்டு. சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் லட்சத்தீவின் கவரத்தியில் நாளுக்கு 1 லட்சம் லிட்டர் தரும் நிலையம் அமைத்தது. அங்கே பூமிச் சூடு இல்லை. கடலின் மேல்தண்ணி வெதுவெதுப்பாக இருக்கும், ஆழத் தண்ணி குளிர்ந்திருக்கும். மேல்தண்ணியை அழுத்தம் குறைத்து ஆவியாக்கி, ஆழத் தண்ணியால் குளிர வைக்கிறார்கள். தத்துவம் ஒன்றேதான்.

நம்ம ஊருக்கு ஆகுமா?

உள்ளதைச் சொல்வோம். கிமோலோஸ் போலக் குறைந்த ஆழத்தில் சுடுதண்ணி இருந்தால்தான் செலவு தாங்கும். ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் துளைப்பது ஒரு ஊராட்சியால் ஆகிற காரியம் இல்லை. சூடு இலவசம் என்றாலும் பம்புக்கும் காற்றை உறிஞ்சவும் கரண்டு வேண்டும். குழாயில் சுண்ணாம்பு படியும். சில இடத்துச் சுடுதண்ணியில் ஆர்சனிக், ஃபுளோரைடு கலந்திருக்கும். மிஞ்சும் அடர் உப்புத் தண்ணியைக் கண்மாயிலோ கிணற்றோரமோ விட்டால் உள்ள தண்ணியும் கெட்டுவிடும்.

லேசான உப்புத் தண்ணிக்கு ஆர்.ஓ. மிஷினில் செலவு குறைவு. ஆனால் அதிலும் கழிவுத் தண்ணி உண்டு. ஆகவே எந்த மிஷினுக்கும் குழுக் கடன் எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்:

1. தண்ணியைச் சோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உண்டு. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. ஃபுளோரைடையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

2. கழிவுத் தண்ணி எங்கே போகும், வடிகட்டி மாற்றும் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள்.

3. மழைத் தண்ணியைப் பிடியுங்கள். உப்பு எடுக்கும் வேலையை வெயில் முன்னமே செய்து தந்த தண்ணி அது.

செய்து பாருங்கள்

அகலமான தட்டில் உப்புத் தண்ணி ஊற்றி, நடுவில் ஒரு காலிக் கிண்ணம் வையுங்கள். மேலே கண்ணாடி போன்ற பாலிதீன் தாளை இறுக்கிக் கட்டி, கிண்ணத்துக்கு நேராக ஒரு சிறு கல் வையுங்கள். வெயிலில் வைத்தால் மாலைக்குள் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணி சேரும். நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்காது. நன்றாகக் கட்டிய தொட்டியில் 1 சதுர மீட்டருக்கு, நல்ல வெயில் நாளில் 2 முதல் 4 லிட்டர் கிடைக்கும். குடும்பத்துக்குப் போதாது, ஆனால் பிள்ளைகளுக்கும் பாடம் புரியும்.

குழுக் கூட்டத்தில் பேச

* நம் ஊரில் எந்தெந்தக் கிணறு, எந்த ஆண்டிலிருந்து கரிக்கிறது?
* குடிதண்ணிக்கு ஒரு வீட்டுக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது?
* கிராம சபையில் தண்ணீர்ச் சோதனை முடிவைக் கேட்க யார் யார் போவது?

பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த கிராம சபைக்கு அதைக் கையோடு எடுத்துப் போங்கள்.