நிவாரண லொறி திரும்பிப் போன பிறகு



வழக்கமாக இப்பக்கத்தில் உரம், விதை, மண் பாதுகாப்பு என்று பேசுவோம். இம்முறை உங்களுக்கு உதவி செய்ய வருகிறவர்களைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். அப்படி வருகிறவர்களில் நானும் ஒருவன். ஆகவே இதில் வரும் குறைகளில் பெரும் பங்கு என்னுடையது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் நாட்டைத் தாக்கியது. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைச்சரிவுகள் பல குடும்பங்களை அப்படியே மூடின. சில வாரங்கள் கழித்து ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் தங்கியிருந்த குடும்பங்களிடம் விபரம் எடுப்பதற்காக ஒரு கட்டுப் படிவங்களோடு போனேன். நமுனுகுல மலை அடிவாரத்தில் ஆயுள் முழுவதும் கொழுந்து பறித்த ஒரு பாட்டி என் முன்னால் அமர்ந்தார். நாலைந்து கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுச் சொன்னார்:

"இதையெல்லாம் போன வாரமும் ஒருத்தரு வந்து கேட்டாரு சாமி. அதுக்கு முந்துன வாரம் ரெண்டு பொம்பளப் புள்ளைக கேட்டுச்சுக. பதிலு ஒன்னுதான். பேப்பருதான் வேற வேற."

நான் சிரித்துச் சமாளித்தேன். அடுத்த கேள்வி நிரந்தர முகவரி.

"எது நெரந்தரமோ அத நீங்களே எழுதிக்கங்க சாமி."

அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அன்று இரவு அறைக்குத் திரும்பிய பின்னும் அந்த வெற்றுக் கட்டம் என்னை விடவில்லை. தோட்டத்து லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் வந்தால் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வரும். லயம் நிற்கும் மண் கம்பனிக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்ட மண். வீட்டை இழந்த குடும்பம் என்று நாம் எழுதுகிறோம். ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்தக் குடும்பத்துக்கு இழப்பதற்கென்று ஒரு வீடு இருந்ததா? பாட்டி கேட்காமல் கேட்டது இதைத்தான்.

இதை நான் முன்பே கற்றிருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மண்சரிவுக்குப் பிறகு, தற்காலிகக் குடில்களில் இருந்த குடும்பங்களுக்கு விதை கொடுத்தோம். போஞ்சி, கோவா, லீக்ஸ், கரட். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மண்வெட்டி. நல்ல திட்டம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். விவசாயக் குடும்பங்கள், உழைக்கத் தெரிந்தவர்கள், மூன்று மாதத்தில் சொந்தக் காலில் நிற்பார்கள் என்று விண்ணப்பத்தில் எழுதியவன் நானே. குடில்கள் இருந்ததோ பாறைத் தரை. சிலர் விதையை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார்கள். சிலர் தேயிலை மலையின் ஓரத்தில் கொத்திப் போட்டார்கள். போஞ்சிக் கொடி பூக்கத் தொடங்கியபோது, தோட்ட நிலத்தில் அனுமதியின்றிப் பயிரிட்டார்கள் என்று சொல்லி எல்லாவற்றையும் பிடுங்கச் செய்தார்கள். பிடுங்கியவர்களும் அதே தோட்டத்துத் தொழிலாளர்கள்தான். அவர்கள் முகத்தை நான் பார்த்தேன்.

நன்கொடையாளருக்கு அனுப்பிய அறிக்கையில் என்ன எழுதினோம்? "விதை விநியோகம் முழுமையாக நிறைவேற்றப்பட்டது." அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. குருமடத்தில் தர்க்க சாஸ்திரம் படித்தவர்களுக்கு இப்படி எழுதுவது பெரிய சிரமமான காரியமில்லை.

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது நான் குருமாணவன். கிழக்குக் கரைக்கு லொறியில் போனோம். பழைய உடுப்புகள் மூட்டை மூட்டையாக வீதியோரத்தில் நனைந்து கிடந்தன. தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்திலும் அதே காட்சிதான் என்று பிறகு அறிந்தோம். கரையோரத்தில் தேவைக்கு மேலாக வள்ளங்கள் வழங்கப்பட்ட இடங்களும் உண்டு. வள்ளத்தில் பெயர் எழுதிப் படம் எடுக்கலாம். காணிப் பிரச்சினையைப் படம் எடுக்க முடியாது. கொடுக்க எளிதானதைக் கொடுப்பது எங்கள் தொழிலின் பழைய நோய்.

நமது ஊவாவிலேயே பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர்களில் சிலருக்கு வீடுமில்லை, பெற்றோருமில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் ஏன் போகவில்லை என்று நகரத்தில் பலர் கேட்டார்கள். அறியாமை என்று எழுதியவர்களும் உண்டு. எங்கே போவது? போகச் சொன்னவர்கள் போக ஓர் இடத்தைக் காட்டவில்லை. நாட்சம்பளம் வாங்கும் குடும்பம் லயத்தை விட்டால் வாடகை வீட்டுக்குப் போகுமா? மழை வந்தால் ஓரிரவு பாடசாலையில் படுத்துவிட்டு, வெயில் வந்ததும் திரும்பி வருவார்கள். அதைத்தான் செய்தார்கள்.

முதல் வாரத்தில் கொஸ்லந்தை வீதியில் நிவாரண வாகனங்கள் வரிசையாக நின்றன. பதாகை கட்டாத வாகனம் குறைவு. மாதங்கள் போகப் போக வாகனங்கள் குறைந்தன. குடும்பங்கள் பல ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் நாட்களைக் கடத்தின. 2016இல்தான் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. ஏறக்குறைய இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் ஒரு பெண்பிள்ளை வயதுக்கு வந்திருப்பாள், ஒரு பையன் சாதாரண தரப் பரீட்சை எழுதியிருப்பான், ஒரு கிழவர் இறந்திருப்பார். பலகைக்கும் சேலைத் துணிக்கும் நடுவில்.

உலகத்தில் இதற்கெல்லாம் அளவுகள் உண்டு என்பதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. 1994இல் ருவாண்டாவில் நடந்த பேரழிவுக்குப் பிறகு, உதவி நிறுவனங்கள் தங்கள் தவறுகளைக் கண்டு, 1997இல் ஸ்பியர் என்ற பெயரில் குறைந்தபட்ச அளவுகளை வகுக்கத் தொடங்கின. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீட்டர் தண்ணீர். ஓர் ஆளுக்குக் கூரையின் கீழ் மூன்றரைச் சதுர மீட்டர் இடம், அதாவது சுமார் 38 சதுர அடி. 20 பேருக்கு ஒரு மலசலகூடம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு எவ்வளவு இடம் வரும் என்று பிள்ளைகளைக் கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். அதன்பின் நீங்கள் இருந்த மண்டபத்தை நினைத்துப் பாருங்கள்.

1994இலேயே செஞ்சிலுவை இயக்கமும் வேறு பெரிய நிறுவனங்களும் சேர்ந்து பத்து அம்சங்கள் கொண்ட ஒரு நடத்தைக் கோவையை ஏற்றுக்கொண்டன. உதவி பெறுகிறவர்களுக்கும், பணம் தருகிறவர்களுக்கும், இரு தரப்புக்குமே நாங்கள் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்கிறது அதன் ஒன்பதாவது அம்சம். நாங்கள் பணம் தருகிறவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்கு அனுப்புகிறோம். உங்களுக்கு எப்போதாவது அனுப்பினோமா? ஆகவே கேள்வி கேட்பது நன்றிகெட்ட செயல் என்று நினைக்க வேண்டாம். "குடுக்கிற கையப் பாத்துக் கேள்வி கேக்கலாமா சாமி?" என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். கேட்கலாம் அம்மா. கேட்கத்தான் வேண்டும்.

உதவி வேறு விதமாகவும் செய்யப்பட்டிருக்கிறது. 1977 கலவரத்துக்குப் பின் மலையகத் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்களில் உங்கள் உறவுக்காரர்களும் இருப்பார்கள். அங்கே காந்தியம் என்ற இயக்கம், கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் ராஜசுந்தரம் ஆகியோரின் முயற்சியால், அக்குடும்பங்களைக் காணிகளில் குடியேற்றியது. பயிர்ச் செய்கை, கிணறு, சிறுவர் பள்ளி என்று வேலை நடந்தது. இருவரும் 1983இல் கைதானார்கள். அவ்வருட ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். அரிசி மட்டும் கொடுத்திருந்தால் அவர்களை யாரும் தேடியிருக்கமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊவாவின் கீழ்ப்பகுதியில் அருட்தந்தை மைக்கல் றொட்றிகோவின் வாழ்வும் அப்படித்தான். பெரிய படிப்புப் படித்தவர், குருமடத்தில் பேராசிரியராக இருந்தவர். 1980இல் புத்தலவுக்கு அருகே ஒரு சிங்கள பௌத்த விவசாயக் கிராமத்தில் போய்க் குடியிருந்தார். யாரையும் மதம் மாற்றப் போகவில்லை. மக்களோடு இருந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டார். சீனிக் கம்பனிக்காகக் காணி இழந்த விவசாயிகளின் பக்கம் நின்றார். 1987 நவம்பர் 10ஆம் திகதி பூசை செய்துகொண்டிருந்த இடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். எனக்கு அவருடைய துணிவு இல்லை. அதை இங்கே ஒப்புக்கொள்வதில் வெட்கமுமில்லை. ஆனால் அங்கேயே குடியிருந்து கேட்பது என்ற அவருடைய முறைக்குத் துணிவை விடப் பொறுமைதான் அதிகம் தேவை. அதையாவது நாங்கள் முயன்று பார்க்கலாம்.

ஸ்பிரிங்வெளி மண்டபத்தில் அதன் சிறு தொடக்கம் ஒன்றைக் கண்டேன். பாய் 40 வந்தது. குடும்பம் 53. முன்பென்றால் நான் காரியாலயத்தில் உட்கார்ந்து பெயர்களைத் தெரிந்து எழுதி, பிறகு ஒரு வாரம் ஏச்சு வாங்கியிருப்பேன். இம்முறை மாதர் சங்கத்தாரிடம் விட்டேன். கைக்குழந்தை உள்ள வீடு, கர்ப்பிணிகள், முதியவர்கள் என்று வரிசைப்படுத்தினார்கள். மீதி 13 குடும்பங்களின் பெயரை அடுத்த தடவைக்கு முதலில் எழுதினார்கள். எத்தனை வந்தது, யார் தந்தது, யாருக்குப் போனது என்று பெரிய எழுத்தில் எழுதி வாசல் சுவரில் ஒட்டினார்கள். சண்டை வரவில்லை என்று சொல்லமாட்டேன், ஒன்று வந்தது. சுவரைக் காட்டியதும் அது அடங்கியது.

அதே பெண்கள்தான் வேறொன்றையும் கண்டுபிடித்தார்கள். சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட ஒரு தாளில் பலர் கையொப்பமிட்டிருந்தார்கள். என்ன தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தமிழும் அரச கரும மொழிதான். தமிழில் தரும்படி பிரதேச செயலகத்தில் கேட்கலாம். உடனே கிடைக்காவிட்டால், வாசிக்கத் தெரிந்த பிள்ளை வாசித்துச் சொல்லும்வரை பேனாவைத் தொடவேண்டாம்.

இனி வீடு தருவதாக யாராவது வரும்போது, சுவரின் நிறத்தையும் கூரையையும் பார்க்கும் முன் மண்ணைப் பற்றிக் கேளுங்கள். காணி யாருடையது? அதைக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்து எழுத்தில் அறிக்கை தந்திருக்கிறதா? உறுதி எப்போது கைக்கு வரும், யார் பெயரில்? கணவன் மனைவி இருவர் பெயரிலும் வேண்டும் என்று கேளுங்கள்; குடிக்காரக் கணவன் உள்ள வீட்டில் இது ஏன் என்று நான் விளக்கத் தேவையில்லை. தோட்ட வீடமைப்பில் 2015 முதல் ஏழு பேர்ச் என்ற பேச்சு வந்தது. 160 பேர்ச் சேர்ந்தால் ஓர் ஏக்கர். ஏழு பேர்ச்சில் 550 சதுர அடி வீடு போக, மலசலகூடமும் நடைபாதையும் போக, போஞ்சி போட எவ்வளவு மிஞ்சும் என்று அளந்து பாருங்கள். விவசாயக் குடும்பத்துக்கு வீட்டோடு பயிர் நிலமும் வேண்டும் என்ற கோரிக்கை இந்தக் கணக்கிலிருந்துதான் எழும்.

இன்னும் சரிவிலேயே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக வருகிறது. சிவப்பு என்றால் சாமான்களைப் பார்க்காமல் இறங்குங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், ஊற்று திடீரென்று கலங்குவது, வற்றுவது, இவற்றைக் கண்டால் அறிவிப்புக்குக் காத்திராமல் கிராம உத்தியோகத்தருக்கும், 117 இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் சொல்லுங்கள். எங்கே இறங்குவது என்பதை வெயில் நாளிலேயே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள் தருகிறேன். கூட்டத்தில் பெண்கள் முதலில் பேசட்டும். நீங்கள் தங்கியிருந்த இடத்தில் உங்களுக்கு வந்த பொருட்களில் எது உதவியது, எது மூலையில் கிடந்தது? கொடுத்தவர்கள் உங்களிடம் முன்கூட்டிக் கேட்டார்களா? கணக்கு எந்தச் சுவரில் ஒட்டப்பட்டது? உங்கள் பிள்ளையின் பாடசாலைப் பதிவேட்டில் முகவரி என்ற இடத்தில் இப்போது என்ன எழுதியிருக்கிறது?