மணிலாவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு

அன்புள்ள யாழினி,

உங்கள் கல்லூரி விவாதத்துக்குக் கொடுத்திருக்கும் தலைப்பைப் பார்த்தேன். ‘ஒரு நாட்டு மக்கள் ஜனநாயகம் கேட்டு வீதிக்கு வந்தால் அயல்நாடுகள் தலையிட வேண்டுமா, கூடாதா?’ உனக்கு ‘வேண்டும்’ கட்சி விழுந்திருக்கிறது. எதிர்க்கட்சிக்காரர்கள் இறையாண்மை என்ற ஒற்றைச் சொல்லை வைத்தே கைதட்டு வாங்கிப் போய்விடுவார்கள் என்று பயப்படுகிறாய்.

எனக்குத் தலைப்போடேயே வழக்கு இருக்கிறது. அயல்நாடு ஏதோ வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பது போலவும், உள்ளே கால் வைக்கலாமா என்று யோசிப்பது போலவும் அது பேசுகிறது. கூட்டத்தை நோக்கித் திரும்பிய துப்பாக்கியை விற்றது யார், அந்தச் சிப்பாயின் சம்பளத்துக்கு யாருடைய உதவிப் பணம் போகிறது, அதிபர் குடும்பத்தின் பணம் எந்த ஊர் வங்கியில் தூங்குகிறது என்று விசாரித்துப் பார். அயல்நாடு பல வருஷமாக உள்ளேயேதான் குடியிருக்கிறது. அதனால் ‘என்ன செய்யலாம்’ என்று கேட்கும் முன், ‘ஏற்கெனவே என்ன செய்துகொண்டிருக்கிறோம், அதில் எதை நிறுத்தலாம்’ என்று ஓர் அரசு தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. இதற்கு பிலிப்பைன்ஸ், 1986, நல்ல சாட்சி.

பெர்டினாண்ட் மார்க்கோஸ் 1965-ல் தேர்தலில் ஜெயித்து அதிபரானவர். 1972-ல் ராணுவச் சட்டம் கொண்டுவந்து நாற்காலியை நிரந்தரமாக்கிக்கொண்டார். அமெரிக்காவுக்கு அங்கே கிளார்க் விமான தளம், சூபிக் விரிகுடா கடற்படைத் தளம் என்று இரண்டு பெரிய தளங்கள் இருந்தன. அவற்றுக்கு ஈடாக 1983-ல் பேசி முடித்த தொகை ஐந்து ஆண்டுகளுக்கு 90 கோடி டாலர். ராணுவச் சட்டத்தைக் காகிதத்தில் மட்டும் விலக்கிக்கொண்ட 1981-ல் மணிலாவுக்கு வந்த அமெரிக்கத் துணை அதிபர் ஜார்ஜ் புஷ், விருந்தில் கோப்பையை உயர்த்தி, மார்க்கோஸின் ஜனநாயகப் பற்றைப் புகழ்ந்தார். சிறையில் இருந்தவர்கள் அதைக் கேட்டு என்ன நினைத்திருப்பார்கள்! இறையாண்மை பேசுகிறவர்கள் இந்த விருந்தைத் தலையீட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

1983 ஆகஸ்ட் 21 அன்று எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ வெளிநாட்டிலிருந்து திரும்பி மணிலா விமான நிலையத்தில் இறங்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பின் ஆட்சி ஆடத் தொடங்கியது. 1985 நவம்பரில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மார்க்கோஸ் திடீர்த் தேர்தலை அறிவித்தார். சொந்த மக்களிடம் சொல்லாமல் அமெரிக்க நேயர்களிடம் சொன்னார் என்பதைக் கவனி. யாரைத் திருப்திப்படுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1986 பிப்ரவரி 7-ல் தேர்தல். எதிரே நின்றவர் கொல்லப்பட்டவரின் மனைவி கொராசோன் அக்கினோ. இரண்டு நாள் கழித்து, அரசுத் தேர்தல் ஆணையத்துக்காகக் கணினியில் வாக்குகளைக் கூட்டிக்கொண்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், இருக்கையை விட்டு எழுந்தார்கள். தங்கள் திரையில் இருக்கும் எண் ஒன்று, வெளியே பலகையில் போடும் எண் வேறொன்று என்பது அவர்கள் புகார். காமிராக்கள் முன்னாலேயே மண்டபத்தை விட்டு வெளியேறி பக்லாரான் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தார்கள். உன்னைவிடச் சில வயது மூத்தவர்களாக இருந்திருப்பார்கள். எந்த அயல்நாடும் அவர்களைத் தூண்டிவிடவில்லை. அந்த எழுச்சியின் முதல் அடி எனக்கு இதுதான். டாங்கி எல்லாம் பிறகு வந்தது.

வாஷிங்டன் என்ன செய்தது? முதலில் சொதப்பியது. பிப்ரவரி 11 அன்று அதிபர் ரீகன், முறைகேடு இரு தரப்பிலும் நடந்திருக்கலாம் என்று நிருபர்களிடம் சொன்னார். தேர்தலைப் பார்வையிட அவரே அனுப்பிய செனட்டர் ரிச்சர்ட் லூகர் கண்ட உண்மை அதற்கு மாறாக இருந்தது. அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தட்டில் வைக்கும் இந்தப் பேச்சு அயலுறவு அறிக்கைகளில் உனக்கு அடிக்கடி தட்டுப்படும்: ‘அனைத்துத் தரப்பினரும் நிதானம் காக்க வேண்டும்’. கேட்க நடுநிலை போலிருக்கும். சுடுகிறவர் ஒருவராக இருக்கும்போது அது நடுநிலை ஆகாது. நான்கு நாளில் வெள்ளை மாளிகை அந்தப் பேச்சை விழுங்கிவிட்டு, முறைகேட்டுக்கு ஆளுங்கட்சியே பெரும் பொறுப்பு என்று அறிக்கை விட்டது.

பிப்ரவரி 22-ல் பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயும் துணைத் தளபதி ராமோஸும் மார்க்கோஸை விட்டு விலகி ராணுவ முகாமுக்குள் அடைந்துகொண்டார்கள். கையில் ஆள் பலம் சொற்பம். கார்டினல் ஹைமே சின், வெரித்தாஸ் வானொலியில், போய் அவர்களைக் காப்பாற்றுங்கள் என்றார். ஜனங்கள் மணிலாவின் எட்சா சாலைக்குச் சோற்றுப் பொட்டலத்தோடு வந்தார்கள். கன்னியாஸ்திரிகள் ஜெபமாலையோடு டாங்கிகளின் முன் முழங்காலிட்டார்கள். வெரித்தாஸின் ஒலிபரப்பு நிலையத்தைச் சிப்பாய்கள் அடித்து நொறுக்கினார்கள். குரல் வேறொரு நிலையத்திலிருந்து வந்தது.

இந்த நேரத்தில் அமெரிக்கா ஒரு படையையும் இறக்கவில்லை. கூட்டத்தின் மேல் பலம் பிரயோகித்தால் ராணுவ உதவியைத் தொடர முடியாது என்று சொன்னது. அடுத்து, வன்முறையால் இந்த ஆட்சியின் ஆயுளை நீட்டிக்கப் பார்ப்பது வீண் என்று பகிரங்கமாக அறிவித்தது. 25ஆம் தேதி விடிவதற்கு முன், மார்க்கோஸ் ரீகனின் நண்பரான செனட்டர் பால் லாக்ஸால்ட்டைத் தொலைபேசியில் பிடித்தார். பதவி விலக வேண்டும் என்று ரீகன் நினைக்கிறாரா என்று கேட்டார். லாக்ஸால்ட் வெள்ளை மாளிகையில் கலந்து பேசிவிட்டு மறுபடி அழைத்தார். ஒட்டு உறவு வைக்காமல் ஒரேயடியாக வெட்டிக்கொண்டு போய்விடுங்கள், நேரம் வந்துவிட்டது என்பது தன் சொந்தக் கருத்து என்றார். மறுமுனையில் நெடுநேரம் சத்தமே இல்லையாம். அன்றிரவே அமெரிக்க ஹெலிகாப்டர்கள் மார்க்கோஸ் குடும்பத்தை மாளிகையிலிருந்து கிளார்க் தளத்துக்கு ஏற்றிச் சென்றன, அங்கிருந்து ஹவாய்.

இதில் அமெரிக்கா புதிதாகக் கொடுத்தது என்ன? போக ஒரு வாசல், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்ததை நிறுத்துவேன் என்ற பேச்சு. இருபது வருஷம் மார்க்கோஸுக்கு முதுகு கொடுத்த அரசு கடைசி இரண்டு வாரத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டது. இதைப் பெரிய தர்மம் என்று நான் பாராட்ட மாட்டேன். ஆனால் சிப்பாய் துப்பாக்கியை உயர்த்தலாமா வேண்டாமா என்று தடுமாறும் அந்த நேரத்தில், அவனுடைய அதிகாரிக்குப் பின்னால் யாருமில்லை என்று தெரிவதற்கு ஒரு பலன் உண்டு. பணத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். மார்க்கோஸின் கணக்குகளை ஸ்விட்சர்லாந்து 1986 மார்ச்சிலேயே முடக்கியது. ஆனால் அந்தப் பணம், 65 கோடி டாலருக்கு மேல், அரசுக்கே சொந்தம் என்று பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2003 ஆயிற்று. திருட்டுப் பணத்தை வாங்கி வைக்கும்போது இல்லாத நுணுக்கங்கள் எல்லாம் திருப்பிக் கொடுக்கும்போதுதான் வந்து சேரும்.

செய்யக் கூடாததற்கு ஹங்கேரியைப் பார். 1956 அக்டோபரில் புடாபெஸ்ட் மக்கள் எழுந்தபோது, அமெரிக்கப் பணத்தில் மியூனிக்கிலிருந்து ஒலித்த ‘ரேடியோ ஃப்ரீ யூரோப்’, மேற்கிலிருந்து உதவி வரும் என்று கேட்போர் நம்பும்படி பேசியது. அதிபர் ஐசனோவருக்கோ அப்படி ஓர் எண்ணமே இல்லை. நவம்பர் 4-ல் சோவியத் டாங்கிகள் நுழைந்தன. ஏறத்தாழ 2,500 ஹங்கேரியர்கள் மாண்டார்கள். சுமார் இரண்டு லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினார்கள். உருப்படியான காரியம் செய்தது ஆஸ்திரியா. நடுநிலை நாடு என்று அறிவித்துக்கொண்டு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பக்கத்தில் சோவியத் படை. ஆனாலும் எல்லையைத் திறந்து வைத்தது.

நம் நாடு? ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் கேட்ட தீர்மானத்தை எதிர்த்து, சோவியத் அணியோடு சேர்ந்து இந்தியா வாக்களித்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண் போன்றவர்கள் நேருவைக் கடுமையாக விமர்சித்தார்கள், சரியாகவே. ஆனால் மாஸ்கோவோடு பேச்சு அறுந்துபோகாததால் பிறகு ஒரு நல்லதும் நடந்தது. எழுச்சிக்குப் பின் கைதான எழுத்தாளர் ஆர்பாத் கோன்ஸுக்குத் தூக்கு விழாமல் ஆயுள் தண்டனையாக நின்றதில் இந்தியத் தூதர் கே.பி.எஸ். மேனனின் தலையீட்டுக்குப் பங்குண்டு. அதே கோன்ஸ் 1990-ல் ஹங்கேரியின் அதிபரானார். ஐ.நா. வாக்கை இது நியாயப்படுத்தாது. பேசும் வாசலை மூடாமல் வைப்பது வேறு, பேசுவதற்காக வாயை மூடிக்கொள்வது வேறு. நம் வெளியுறவுத் துறை இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம்.

எதிர்க்கட்சி கட்டாயம் லிபியாவைக் கொண்டுவரும். நீ மறுக்காதே, ஒப்புக்கொள். 2011-ல் பெங்காசி மக்களைக் காக்கவென்று ஐ.நா. கொடுத்த அனுமதி, சில மாதத்தில் ஆட்சியைக் கவிழ்க்கும் குண்டுவீச்சாக மாறியது. லிபியத் தலைவர் கடாஃபி போனதும் குண்டு போட்டவர்களும் போய்விட்டார்கள். 2014-க்குள் அங்கே போட்டி அரசாங்கங்கள்.

பர்மாதான் நமக்குப் பக்கத்துக் கதை. 1988-ல் மாணவர்கள் எழுந்து, ராணுவம் சுட்டபோது, ராஜீவ் காந்தி அரசு வெளிப்படையாக மக்கள் பக்கம் நின்றது. ஆகாசவாணியின் பர்மிய ஒலிபரப்பு ராணுவத்தை விமர்சித்தது. தப்பி வந்த மாணவர்களுக்கு மணிப்பூரிலும் மிசோரமிலும் இடம் கிடைத்தது. 1990 தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி 392 இடங்களில் வென்றும் ஆட்சி கைமாறவில்லை. 1993-லிருந்து டெல்லி சுருதியை மாற்றிக்கொண்டது. வடகிழக்குத் தீவிரவாதிகள், சீனாவின் செல்வாக்கு, எல்லை வணிகம் என்று காரணங்கள் இருந்தன. எதுவும் பொய்க்காரணம் அல்ல. மணிப்பூரின் எல்லை ஊரான மோரே வழியாக வணிகம் திறந்தது. அந்த மோரேயில் தமிழ்ச் சங்கமும் அங்காளபரமேஸ்வரி கோயிலும் இருப்பது உனக்குத் தெரியுமா? ராணுவத் தலைவர் நே வின்னின் ஆட்சி கடைகளை அரசுடைமையாக்கிய அறுபதுகளில் பர்மாவை விட்டு வந்த நம்மவர்கள் தங்கிய ஊர்.

மேற்கு நாடுகள் தடைகளைப் போட்டன. 2003-ல் அமெரிக்கா பர்மியப் பொருட்களின் இறக்குமதியை மொத்தமாக நிறுத்தியபோது வேலை போனது ஆடைத் தொழிற்சாலைப் பெண்களுக்கு. தாய்லாந்துக்கு எரிவாயு விற்ற ஜெனரல்களின் வருமானம் குறையவில்லை. தடை என்ற சொல்லைக் கேட்டதும் யாருடைய பணப்பையை அது தொடுகிறது என்று பார். அதிலேயே பாதி விவாதம் முடிந்துவிடும்.

2021 பிப்ரவரி 1-ல் பர்மாவில் மறுபடி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மார்ச் 27 அன்று தலைநகர் நேப்பிடாவில் ராணுவ தின அணிவகுப்பு. அதே நாளில் நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த அணிவகுப்புக்குப் பிரதிநிதி அனுப்பிய எட்டு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்த வாரத்தில்தான் மணிப்பூர் அரசு எல்லை மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது: அகதிகளுக்குச் சோறும் இடமும் கொடுக்க முகாம் திறக்க வேண்டாம், வருகிறவர்களைப் பணிவாகத் திருப்பி அனுப்புங்கள். ‘பணிவாக’! கூச்சல் கிளம்பியதும் மூன்றே நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மிசோரமில் முதலமைச்சர் சோரம்தங்கா பிரதமருக்கே எழுதினார். எல்லையான தியாவ் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சின் மக்கள் எங்கள் ரத்தம், கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது என்பது அதன் சாரம். அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. மாநிலத்துக்குச் சட்ட அதிகாரமும் இல்லை. இருந்தும் தேவாலயங்களும் ஊர்ச் சங்கங்களும் அரிசி திரட்டின. முப்பதாயிரம் பேருக்கு மேல் அங்கே தங்கினார்கள். அதே ஆண்டு ஜூனில், பர்மாவுக்கு ஆயுதம் போவதைத் தடுக்கக் கோரிய ஐ.நா. தீர்மானத்தில் 119 நாடுகள் ஆதரவு, இந்தியா உட்பட 36 நாடுகள் நடுநிலை. வெளியுறவுக் கொள்கை டெல்லியில் மட்டும் இருப்பதாக நினைக்காதே. அந்த வருஷம் அதன் நல்ல பாதி மிசோரம் தலைநகர் ஐஸ்வாலில் இருந்தது.

இன்னொன்றும் கேட்டிருந்தாய்: இவ்வளவும் செய்து அந்த மக்கள் நமக்கு வேண்டாதவரைத் தேர்ந்தெடுத்தால்? தேர்ந்தெடுப்பார்கள். 2022-ல் பிலிப்பைன்ஸ் மக்கள் மார்க்கோஸின் மகனையே அதிபராக்கினார்கள். அதற்கு முன்னே, 1991 செப்டம்பரில், அமெரிக்கத் தளங்களை நீட்டிக்கும் ஒப்பந்தம் மணிலா செனட்டுக்கு வந்தது. கொராசோன் அக்கினோ அதை ஆதரித்தார். ஆதரவாளர்களோடு செனட்டுக்கு ஊர்வலமே போனார். எந்தத் தளங்களுக்காக வாஷிங்டன் மார்க்கோஸை இருபது வருஷம் சுமந்ததோ, அந்தத் தளங்களுக்கான ஒப்பந்தத்தை செனட் 12-க்கு 11 என்று நிராகரித்தது. எதிர்த்து வாக்களித்த பன்னிரண்டு பேரில் ஒருவர் 1986-ல் முகாமுக்குள் அடைந்துகொண்ட அதே என்ரிலே. அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடற்படை சூபிக்கைக் காலி செய்துவிட்டுப் போனது. குண்டு எதுவும் வீசவில்லை.

அன்புடன்,
பெரியப்பா