தொண்டும் சட்டமும்

முன்னுரை

பசித்தவனுக்குச் சோறிடுவது தொண்டு. அவன் ஏன் பசித்திருக்கிறான் என்று அரசிடம் கேட்பதும் தொண்டுதானே? அப்படிக் கேட்கும் தொண்டு நிறுவனங்களைச் சட்டம் எவ்வாறு நெறிப்படுத்துகிறது என்பதைக் காண்போம்.

மலையில் எழுந்த குரல்

போளூரிலும் பூம்பாறையிலும் வாழும் நமக்குக் கோடைக்கானல்தான் பெரிய ஊர். அங்கே இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை இருந்தது. வெப்பமானியில் உள்ள பாதரசத்தின் ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்ததை முன்னாள் தொழிலாளர்களும், 1985இல் தோன்றிய பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும், கிரீன்பீஸ் அமைப்பும் 2001 மார்ச்சில் வெளிப்படுத்தினர். அம்மாதமே ஆலையில் உற்பத்தி நின்றது. 2003இல் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு உதவித்தொகை வழங்க நிறுவனம் உடன்பட்டது. தனியொரு தொழிலாளியின் குரல் இவ்வளவு தூரம் எட்டியிருக்குமா?

சட்டம் இட்ட வேலி

நம் மாநிலத்தில் சங்கங்கள் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு பெறுகின்றன. வெளிநாட்டிலிருந்து பணம் பெற, 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி மத்திய உள்துறை அமைச்சகத்தின் அனுமதியும் வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தம், ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை மற்றொன்றுக்குக் கொடுப்பதைத் தடுத்தது. நகரத்துப் பெரிய நிறுவனத்தின் வழியாக உதவி பெற்ற சிற்றூர்ச் சங்கங்களுக்கு அவ்வழி அடைபட்டது.

பிறர் தந்த காசுக்குக் கணக்குக் கேட்பது நியாயமே. ஆனால், அரசின் கொள்கையை மாற்றக் கோருவது அரசியல் ஆகுமா?

நீதிமன்றத்தின் விடை

பந்த், மறியல் போன்றவற்றில் வழக்கமாக ஈடுபடும் அமைப்பை அரசியல் தன்மை உடையதென அறிவித்து, வெளிநாட்டுப் பணத்தைத் தடுக்க 2011ஆம் ஆண்டு விதிகள் இடமளித்தன. 2020 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு எல்லை வகுத்தது. கட்சி அரசியலோடு தொடர்பின்றிப் பொதுநலனுக்காகப் போராடும் அமைப்புக்கு அவ்வுரிமையை மறுக்கலாகாது என்றது. அதற்கு முன்பே, 2015 செப்டம்பரில் கிரீன்பீஸ் இந்தியா அமைப்பின் வெளிநாட்டு நன்கொடைப் பதிவை மத்திய அரசு ரத்துச் செய்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாணைக்கு இடைக்காலத் தடை விதித்தது.

முடிவுரை

பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் நம் மலையில் வேலியின் அருமை யாவருக்கும் தெரியும். வேலி பயிரைக் காக்க வேண்டும். வேலியே பயிரை மேயலாகாது. தோழியரே, நாளை நாமும் சங்கம் அமைப்போம். அன்று கணக்கை ஒளிவின்றி எழுதுவோம். எளியவருக்காகப் பேசவும் அஞ்சாதிருப்போம்!