24 மெசேஜும் காணாமல் போன ஒரு விமானமும்

லாக் ஃபைல் எபிசோடில் ஏர் பிரான்ஸ் 447 என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். "அது என்ன கதை, விளக்கமா எழுதுங்க அண்ணா" என்று சிலர் கேட்டிருந்தீங்க. இதோ.

2009 ஜூன் 1. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர்பஸ் ஏ330 விமானம் அட்லாண்டிக் நடுவில் காணாமல் போனது. உள்ளே 228 பேர். ரேடார் எட்டாத கடல். பைலட்டுகளிடமிருந்து ஆபத்து என்று ஒரு அழைப்புகூட வரவில்லை. விமானம் தானாகவே சாட்டிலைட் வழியாகக் கம்பெனிக்கு அனுப்பிய 24 பராமரிப்பு மெசேஜ்கள் மட்டும்தான் கையில் இருந்தன. அந்தச் சிஸ்டத்துக்குப் பெயர் ஏகார்ஸ். எல்லா மெசேஜும் உலக நேரம் 2:10க்கும் 2:15க்கும் நடுவில் வந்தவை. சில நாளிலேயே பட்டியல் வெளியே கசிந்தது.

எரர் லாக் இருக்கு, சர்வர் கடலுக்கு அடியில். நம்ம வேலை பார்க்கிறவங்களுக்கு இதைவிட ஆசை காட்டும் புதிர் வேறு இல்லை. உலகமே உட்கார்ந்து டீபக் பண்ண ஆரம்பித்தது. மின்னல் என்றார்கள், குண்டு என்றார்கள். எனக்குப் பிடித்த தவறான விடை வால்தான், ஏனென்றால் அதில் லாஜிக் ரொம்ப அழகாக இருந்தது. மெசேஜ்களில் ஒன்று, ரட்டர் அதாவது வால் சுக்கான் எவ்வளவு திரும்பலாம் என்று கட்டுப்படுத்தும் பகுதியில் கோளாறு என்றது. சில நாள் கழித்து வால் துடுப்பு கிட்டத்தட்ட முழுசாகக் கடலில் மிதந்து கிடைத்தது. 2001இல் நியூயார்க்கில் விழுந்த ஏர்பஸ் ஏ300இல் வால் வானத்திலேயே பிய்ந்துபோயிருந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

ஆனால் அந்தக் கட்டுப்பாட்டுக்கு இன்புட் என்ன? விமானத்தின் வேகம். வேகம் கூடக்கூட ரட்டர் திரும்பும் அளவை அது குறைக்கும். வேகமே தெரியாவிட்டால் கணக்குப் போட முடியாமல் எரர் போடும். ரட்டருக்கு ஒன்றும் ஆகியிருக்க வேண்டாம். டேட்டாபேஸ் விழுந்தால் லாகின் சர்வீஸ் கத்துமே, அதே மாதிரி.

பட்டியலின் கடைசிப் பக்கம், கேபின் அழுத்தம் வேகமாக மாறுகிறது என்று ஒரு மெசேஜ். "பார், உடம்பு வெடித்துவிட்டது" என்றார்கள். அதற்கு அர்த்தம் கேபின் உயரக் கணக்கு நிமிஷத்துக்கு 1800 அடிக்கு மேல் மாறுகிறது என்பதுதான். விமானமே அதைவிடப் பல மடங்கு வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று, கோளாறு தோன்றிய நேரம் அந்த மெசேஜ்களில் நிமிஷக் கணக்கில்தான் இருக்கும். ஒரே நிமிஷத்துக்குள் எது முதலில் வந்தது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. பிரான்ஸின் விபத்து விசாரணை அமைப்பான பி.இ.ஏ., கிடைத்த துண்டுகள் நசுங்கியிருந்த விதத்தைப் பார்த்து, விமானம் உடையாமல் முழுசாகத்தான் தண்ணீரில் மோதியது என்று 2009 ஜூலையிலேயே சொல்லிவிட்டது.

வெளியே நீட்டிக்கொண்டிருந்து காற்றின் அழுத்தத்தை வைத்து வேகம் அளக்கிற பீட்டோ குழாயில் பனித்துகள் அடைத்தது என்பதும் முதல் வாரத்திலேயே வந்த ஊகம்தான். அது சரி. ஆனாலும் விடை அது இல்லை! அடைப்பு சுமார் ஒரு நிமிஷத்துக்குள் சரியாகிவிட்டது. விமானம் அதற்குப் பிறகும் மூன்று நிமிஷத்துக்கு மேல் காற்றில் இருந்தது. 2025 ஜூனில் அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்த அன்று நம்ம வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் மாமாக்கள் இரவுச் சாப்பாட்டுக்குள் காரணத்தை முடிவு பண்ணியபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. ஊகம் சரியாகவே இருந்தாலும் பாதிக் கதையாக இருக்கலாம்.

2011 ஏப்ரலில், சுமார் 3900 மீட்டர் ஆழத்தில், ரோபோக்கள் சிதைவைக் கண்டுபிடித்தன. மே மாதம் இரண்டு கறுப்புப் பெட்டிகளும் மேலே வந்தன. 2:10:05க்கு ஆட்டோ பைலட் விலகியிருந்தது. கேப்டன் ஓய்வுக்குப் போயிருந்தார். ஓட்டிக்கொண்டிருந்த துணை பைலட் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தார், மூக்கு மேலே போனது. 35,000 அடியிலிருந்து சுமார் 38,000 அடி வரை ஏறி, விமானம் ஸ்டால் ஆனது. ஸ்டால் என்றால் என்ஜின் நிற்பது இல்லை. மூக்கு ரொம்பத் தூக்கியிருப்பதால் இறக்கைக்குத் தூக்குகிற சக்தி போய்விடுவது. என்ஜின்கள் கடைசி வரை வேலை செய்தன. 2:14:28க்குப் பதிவு நின்றது.

எச்சரிக்கை மணி அடிக்கவில்லையா? அடித்தது. ஆனால் வேகம் 60 நாட்டுக்குக் கீழே காட்டினால் காற்றுக் கோண அளவை நம்ப முடியாது என்று சிஸ்டம் ஒதுக்கிவிடும், மணியும் நின்றுவிடும். அதனால் மூக்கை இறக்கினால், அதாவது சரியானதைச் செய்தால், வேகம் கொஞ்சம் ஏறி மணி மறுபடி அடிக்கும். தப்பாக இழுத்தால் அமைதி. தரையில் நிற்கிற விமானத்துக்கு நியாயமான ஒரு இஃப் கண்டிஷன்; அந்த ராத்திரி அந்த மூன்று பேருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. 'பைலட் தப்பு' என்ற இரண்டு வார்த்தையோடு இதை மூடிவிட எனக்கு மனசு வரவில்லை. 2012 ஜூலையில் வந்த இறுதி அறிக்கையும் அப்படி மூடவில்லை.

அடுத்த எபிசோடுக்கு முன்னாடி ஒரு வேலை. உங்க ப்ராஜெக்டில் கடைசியாக வந்த அவுட்டேஜை எடுங்க. ஒவ்வொரு அலர்ட்டும் எந்த இன்புட்டை நம்பி இருக்கு என்று பக்கத்தில் எழுதுங்க. அப்புறம் லாக்கில் பதிவே ஆகாத விஷயங்களுக்குத் தனியாக ஒரு காலம் போடுங்க. 447இன் 24 மெசேஜுக்கு அந்தக் காலத்தைப் போட்டால் மூன்று வரும்: உயரம், மூக்குக் கோணம், ஸ்டிக் எந்தப் பக்கம் இழுக்கப்பட்டது என்பது.